யாகி ஆண்டெனாவில் விடுபட்ட பெயர்

1980-களின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் டி.வி. வைத்திருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே வந்துவிட்டது. ஆனால் அது எங்கள் ஊர்வரை எட்டவில்லை. எட்டியது கடலுக்கு அந்தப்புறம் இருந்த ரூபவாஹினி. 1982-ல் அது தொடங்கிய பிறகு எங்கள் தெரு மொட்டைமாடிகளில் ஒவ்வொன்றாக மீன்முள் மாதிரி அலுமினியக் குழாய்கள் முளைத்தன. எல்லாம் கடலைப் பார்த்தே நிற்கும். காற்றடித்துத் திரும்பிவிட்டால் வீட்டுப் பையன் மேலே ஏறிக் குழாயைத் திருப்புவான். கீழிருந்து "தெரியுது, தெரியுது... அய்யோ போச்சு, திரும்பக் கொண்டா" என்று ஒரு குரல் வரும். அந்த ரூபவாஹினி நிலையமே ஜப்பான் அரசு இலங்கைக்குக் கொடுத்த நன்கொடை. அதைப் பிடித்துத் தந்த மீன்முள்ளும் ஜப்பானியர் கண்டுபிடித்ததுதான். அன்றைக்கு எங்களில் யாருக்கும் இந்த இரண்டுமே தெரியாது.

கடைக்காரர்கள் அதை "ஆறு கம்பி", "பதினோரு கம்பி" என்று சொல்லி விற்பார்கள். நான் தொலைபேசித் துறையில் இருந்தவன் என்பதால் யாகி ஆண்டெனா என்ற பெயர் தெரியும். ஆனால் புத்தகத்தில் 'யாகி–உடா' என்று பார்த்தபோது, அது ஒரே ஆளின் முழுப்பெயர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜப்பானின் வடகிழக்கே செண்டாய் என்றொரு நகரம். அங்கே டோஹோகு இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஹிடெட்சுகு யாகி மின்பொறியியல் பேராசிரியர். 1886-ல் பிறந்தவர். ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் போய்ப் படித்துவந்தவர். ஷின்டாரோ உடா அவரைவிடப் பத்து வயது இளையவர், முதலில் மாணவர், பிறகு அவரிடமே ஆய்வு செய்தவர். உலகம் முழுக்க வானொலிக்காரர்கள் மிக நீண்ட அலைகளுக்காக வானளாவிய கம்பங்கள் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. யாகிக்குச் சில மீட்டர் நீளமே உள்ள சிற்றலைகளில் ஆர்வம். அலை குறுகினால் ஆண்டெனாவும் குறுகும், கையால் தூக்கிவைத்துச் சோதிக்கலாம்.

உடா செய்த வேலையைக் கேட்டால் எளிதாகத் தோன்றும். ஒரே ஒரு கம்பிக்கு மட்டும் மின்சாரம் கொடுப்பது. அதன் முன்னும் பின்னும் எதனோடும் இணைக்காத வெறும் கம்பிகளை நிறுத்துவது. அலை போய்த் தொட்டதும் அந்த வெறும் கம்பிகளிலும் மின்னோட்டம் பிறக்கும், அவையும் தம் பங்குக்கு அலையை வெளியிடும். கம்பி அரை அலைநீளத்தைவிடக் கொஞ்சம் கூடினால் அந்த மின்னோட்டம் பிந்தும், கொஞ்சம் குறைந்தால் முந்தும். இடைவெளியையும் பார்த்து வைத்தால் ஒருபக்கம் அலைகள் கூடி வலுக்கும், மறுபக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். நீளக் கம்பி பின்னால் நின்று தள்ளும், அதற்கு ரிஃப்ளெக்டர் என்று பெயர். குட்டைக் கம்பிகள் முன்னால் நின்று இழுக்கும், அவை டைரக்டர்கள். (நம் ஊரில் டைரக்டர் என்றால் சினிமாக்காரர்தான் நினைவுக்கு வருவார். இங்கேயும் அவர்தான் திசை காட்டுகிறார்.)

எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி, எத்தனை கம்பி? இதற்குக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி அன்றைக்கு ஏது? ஒவ்வொன்றாக மாற்றி வைத்து அளந்து பார்ப்பதுதான் வழி. உடா அதைச் செய்தார். 1926 முதல் 1929 வரை ஜப்பானிய மொழியில் தொடர்கட்டுரைகளாக எழுதினார், மொத்தம் பதினொன்று. 1926-ல் இம்பீரியல் அகாடமிக்குக் கொடுத்த சிறு கட்டுரையில் யாகி, உடா இருவர் பெயரும் இருந்தது. காப்புரிமை மட்டும் யாகி பெயரில் போனது. 1928-ல் அமெரிக்க ரேடியோ பொறியாளர் கழகத்தின் இதழில் ஆங்கிலத்தில் வந்த கட்டுரையும் யாகி பெயரில் மட்டுமே. உள்ளே உடாவின் வேலையை அவர் குறிப்பிடத்தான் செய்தார். ஆனால் வெளிநாட்டில் ஜப்பானிய மொழி படிப்பவர் எத்தனை பேர்? ஆங்கிலக் கட்டுரையைப் படித்தார்கள், மேலே இருந்த பெயரை ஆண்டெனாவுக்குச் சூட்டிவிட்டார்கள்.

யாகியைத் திருடர் என்று நான் சொல்லமாட்டேன். கேள்வியை எழுப்பியவரும், ஆய்வகத்தை நடத்தியவரும், உலகத்துக்கு எடுத்துச்சொன்னவரும் அவர். நான் வேலை பார்த்த காலத்திலும் அறிக்கையின் கடைசியில் கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் நிற்கும், கம்பத்தில் ஏறியவர் பெயர் நிற்காது. இருந்தாலும், பதினொரு கட்டுரை எழுதிய மனிதரைப் பாதிப் பெயராகக்கூட உலகம் வைத்துக்கொள்ளவில்லையே என்று நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

யாகியின் பெயருக்கும் சொந்த ஊரில் பெரிய மரியாதை இருந்துவிடவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. அங்கே பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன ரேடார் கருவிகளோடு, நியூமன் என்ற வீரரின் குறிப்பேடு ஒன்றும் அகப்பட்டது. அதில் அடிக்கடி 'யாகி' என்றொரு சொல். ஜப்பானிய அதிகாரிகளுக்கு அது என்னவென்று புரியவில்லை. சிறைப்பட்டிருந்த அந்த மனிதரையே கேட்டார்களாம். "இந்த ஆண்டெனாவைக் கண்டுபிடித்த உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயர்" என்று அவர் சொன்ன பிறகுதான் விளங்கியதாம். ஜப்பானிய ஆண்டெனா பொறியாளர்களே பின்னாளில் எழுதிவைத்த கதை இது. இதைவிடக் கொடுமை, 1945-ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் போடப்பட்ட குண்டுகளில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வெடிப்பது என்று அளந்து சொன்ன சிறு ரேடார்களுக்கும் யாகி ஆண்டெனாதான் பொருத்தியிருந்தார்கள்.

உடா என்ன ஆனார்? 1930-களின் தொடக்கத்தில் சகாட்டா துறைமுகத்துக்கும் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கும் டோபிஷிமா தீவுக்கும் இடையே, தம் ஆண்டெனாக்களைக் கொண்டே பேச்சுத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார். 1950-களின் நடுவில் யுனெஸ்கோ நிபுணராக இந்தியாவுக்கும் வந்தார். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் மைக்ரோவேவ் ஆய்வுக்குத் துணைநின்றார். இது தெரிந்தபோது எனக்கு ஒரே ஆச்சரியம். யாகி 1976 ஜனவரியில் காலமானார், உடா அதே ஆண்டு ஆகஸ்டில்.

இதையெல்லாம் இப்போது தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. அமெச்சூர் ரேடியோ உரிமம் என்னிடம் பல வருடமாக இருக்கிறது. போன கோடையில், கடலுக்கு அப்பால் கொழும்பில் இருக்கும் ஹாம் நண்பர் ஒருவரோடு 145 மெகாஹெர்ட்ஸில் நேரடியாகப் பேசிப் பார்க்க ஆசை வந்தது. சாதாரணமாக அந்த அலை அவ்வளவு தூரம் போகாது. கோடையில் கடல்மேல் சூடான காற்று அடுக்காகப் படிந்தால், அதன் அடியில் அலை வழுக்கிக்கொண்டே போகும் என்பார்கள். அதற்கு ஐந்து கம்பி யாகி ஒன்றை நானே செய்தேன். ரிஃப்ளெக்டர் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, டைரக்டர்கள் தொண்ணூறு சொச்சம் சென்டிமீட்டர். ஹேக்ஸா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, அலுமினியச் சட்டத்தில் துளையிட்டு முடிக்க நான்கு நாள் ஆனது.

மேலே ஏற்ற, தெருமுனை டி.வி. மெக்கானிக் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ரூபவாஹினி காலத்தில் எங்கள் வட்டாரத்து ஆண்டெனாக்களில் பாதி அவர் கட்டியவை. டிஷ் வந்த பிறகு தொழில் போய்விட்டது. எங்கள் பேச்சு எஃப்.எம். என்பதால் கம்பிகள் படுக்கையாக இல்லாமல் நெட்டுக்குத்தலாக நிற்கவேண்டும். நான் சட்டத்தின் நடுவில் கிளாம்ப் போட்டு, ஜி.ஐ. பைப்பில் மாட்டச் சொன்னேன். மாட்டினோம். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 3-க்கு மேல் காட்டியது. கம்பியை நீட்டினேன், குறைத்தேன், இணைப்பை இரண்டு தடவை பற்றவைத்தேன். இரண்டு நாள் வீணானது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி கேட்டது.

மூன்றாம் நாள் அண்ணாச்சி கீழே நின்று அண்ணாந்து பார்த்தபடி சொன்னார்: "சார், டி.வி. ஆண்டெனா படுத்துக் கெடக்கும், நடுவுல புடிக்கலாம். இத நிக்க வச்சிருக்கிய. அதுங்களுக்கு நடுவுல நம்ம பைப்பும் நிக்குதுல்லா? அதுவும் ஒரு கம்பிதான சார்?"

முப்பத்தாறு வருடம் தொலைத்தொடர்பில் இருந்தவனுக்கு அது தோன்றவில்லை. கிளாம்பைக் கழற்றி, சட்டத்தின் பின்நுனியில், ரிஃப்ளெக்டருக்கும் பின்னால் பிடித்தோம். மீட்டர் 1.3-க்கு இறங்கியது. தென்கிழக்கே திருப்பினோம். பத்து நாள் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் அதிகாலை, இரைச்சலுக்கு அடியிலிருந்து நண்பரின் குரல் மெல்லக் கிளம்பி வந்தது. இருபது நிமிடம் பேசியிருப்போம், பிறகு வெயில் ஏறியதும் கரைந்துவிட்டது.

அடுத்த மாதம் ஹாம் நண்பர்கள் கூடியபோது இதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேசினேன். ஏன் பின்நுனியில் பிடிக்கவேண்டும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். கை தட்டினார்கள். அண்ணாச்சியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். கேட்டவர்கள் நானே கண்டுபிடித்ததாக நினைக்கட்டும் என்று அந்த நேரத்தில் மனதுக்குள் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் யாகி–உடா கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

இதை எழுதுவதற்குமுன் அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொல்லி, "உங்க பேரப் போட்டு எழுதப்போறேன் அண்ணாச்சி" என்றேன். சிரித்தார். "பேரெல்லாம் வேண்டாம் சார். நாலு பேருக்குத் தெரிஞ்சா மறுபடியும் மாடியேறக் கூப்பிடுவாக. முட்டி ஒத்துழைக்க மாட்டேங்கு" என்றார். பிறகு, "அந்த ஸ்டே கம்பி ஒண்ணு தொய்ஞ்சு கெடக்கு, மழைக்கு முன்னால இறுக்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.