தொட்டிலுக்கு வந்த மின்னிசை

1950களின் அமெரிக்காவில் மின்னணு ஒலி என்றாலே ஜனங்களுக்கு நினைவுக்கு வந்தது பறக்கும் தட்டும் வேற்றுக்கிரகவாசியும்தான். 1956இல் வெளியான 'ஃபார்பிடன் பிளானட்' படத்தின் பின்னணி இசை முழுவதும் மின்சுற்றிலிருந்தே எழுந்தது. படத்தின் பெயர்ப் பட்டியலில் அதை 'இசை' என்று போடவில்லை. 'மின்னணுத் தொனிகள்' என்றுதான் போட்டார்கள். பெரியவர்களை மிரட்டிய அந்த ஓசையைக் குழந்தைகளிடம் கொண்டுபோகத் துணிந்தவர்களில் ரேமண்ட் ஸ்காட், ப்ரூஸ் ஹாக் இருவரும் முக்கியமானவர்கள்.

ஸ்காட் 1930களிலேயே பேர் வாங்கிய ஜாஸ் இசைக்காரர். அவருடைய 'பவர்ஹவுஸ்' மெட்டு வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன்களில் ஓயாமல் ஒலித்தது. பிறகு அவர் சொந்த ஆய்வகத்தில் மின்னிசைக் கருவிகளைக் கட்டத் தொடங்கினார். 1960களின் முற்பகுதியில் 'சூதிங் சவுண்ட்ஸ் ஃபார் பேபி' என்று மூன்று இசைத்தட்டுகள் போட்டார். 1 முதல் 6 மாதம், 6 முதல் 12, 12 முதல் 18 என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தட்டு. குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்த கெசல் நிறுவனமும் இதில் கைகோத்தது. நாலைந்து சுரங்கள் லேசாக மாறி மாறித் திரும்பி வரும். சில உருப்படிகள் 10 நிமிடத்தையும் தாண்டும். அன்றைக்கு அது விற்கவில்லை. பின்னால் வந்த மினிமலிச இசைக்கும் ஆம்பியன்ட் இசைக்கும் அதை முன்னோடியாக விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

ஸ்காட் குழந்தையைத் தூங்க வைக்கப் பார்த்தார். ஹாக் எழுப்பி ஆட வைத்தார்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 1931இல் பிறந்தவர் ஹாக். நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளியில் சேர்ந்து, சில மாதங்களிலேயே விலகிவிட்டார். மின்னணுவியலை முறையாகப் படித்தவரல்ல. கிடைத்த உதிரி பாகங்களை இணைத்துக் கருவி செய்தார். தொடுதலுக்கும் உடல் சூட்டுக்கும் ஒலி எழுப்பும் 'டெர்மட்ரான்' அப்படிப் பிறந்ததுதான். எதிரே நிற்பவரின் நெற்றியைத் தொட்டே அதை வாசிக்கலாம்! குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்த எஸ்தர் நெல்சனோடு சேர்ந்து அவர் 'டைமென்ஷன் 5' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். 'டான்ஸ், சிங் அண்ட் லிசன்' தொடங்கி வந்த தட்டுகளில் நாட்டுப்பாடல், பழங்கால நடன மெட்டு, கதை, மின்னொலி எல்லாம் கலந்து கிடந்தன. நெல்சன் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குதிக்கவும் உருளவும் வேண்டும். 1968இல் இருவரும் 'மிஸ்டர் ரோஜர்ஸ்' என்ற சிறுவர் நிகழ்ச்சியில் தோன்றி, தொலைக்காட்சியிலேயே அந்த விளையாட்டை ஆடிக்காட்டினார்கள்.

மின்னொலியைக் குழந்தைகளிடம் கொண்டுபோனது வியாபாரத் தந்திரமாகத் தெரியலாம். ஆனால் வயலின்தான் இசை, பியானோதான் இசை என்று பழகாத காதுகள் குழந்தைகளிடமே இருந்தன. கரகரப்பும் கீச்சொலியும் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான்கள்.

பின்னாளில் மின்னிசையும் குழந்தைப் பருவமும் மறுபடி சந்தித்தன: 1998இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த 'போர்ட்ஸ் ஆஃப் கனடா' மின்னிசைக் குழுவின் சகோதரர்கள் 'மியூசிக் ஹாஸ் தி ரைட் டு சில்ட்ரன்' தொகுப்பை வெளியிட்டார்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த ஆவணப்படங்களின் நினைவில் தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். தேய்ந்த ஒலிநாடா போல ஆடும் சுருதி, நடுவே மழலைக் குரல்கள். ஹாக்கின் தட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்கு; இது ஐந்து வயதை நினைத்துப் பார்க்கும் பெரியவர்களுக்கு.

ஹாக் 1988இலேயே இறந்துபோனார். அவருடைய குழந்தைப் பாடல்களை 2005இல் 'டைமென்ஷன் மிக்ஸ்' என்ற தொகுப்புக்காக ராக் இசைக்கலைஞர்கள் பலர் மறுபடி பாடினார்கள்; அவர்களில் அமெரிக்கப் பாடகர் பெக்கும் ஒருவர்.