கெம்செக்ஸ்

பாலுறவைத் தீவிரமாக்கவும் நீட்டிக்கவும் போதைப்பொருள் எடுத்துக்கொள்ளும் வழக்கம். தன்பாலீர்ப்பு ஆண்களின் உடல்நலம் சார்ந்தே அதிகம் பேசப்படுகிறது. லண்டனில் மெஃபெட்ரோன், ஜிஎச்பி ஆகியவை இதற்குப் பெயர்பெற்றவை. இன்னொன்றான மெத்தாம்பெட்டமைனை இலங்கையில் ‘ஐஸ்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

ஐஸ் பசியையும் தூக்கத்தையும் அடக்கும், ஆணுறை மறந்துபோகும். உறவு நீளும்போது ஏற்படும் நுண்காயங்கள் எச்ஐவி தொற்றை எளிதாக்கும். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி. ஜிஎச்பியுடன் சாராயம் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

எச்ஐவி தொற்றியிருக்கலாம் என்று அஞ்சுபவர் 72 மணிநேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். இலங்கையின் அரச பாலியல்நோய் கிளினிக்குகளில் எச்ஐவி பரிசோதனை இலவசம். ஆனால் நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் சுவரோடு சுவர் ஒட்டிய லயக் காம்பராக்களில் வாழ்பவருக்கு, யார் கண்ணிலும் படாமல் போய்வருவதுதான் பெரும்பாடு.

சட்டமும் துணையில்லை: 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365ஏ பிரிவுகள் தன்பாலுறவைக் குற்றமாக்கின. அதை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது.