தாயின் தட்டு: உலர் உணவுப் பூனை ஈர உணவை மறுப்பது குறித்து ஒரு மறுவாசிப்பு

உலர் உணவை மட்டுமே தின்று வளர்ந்த பூனையின் முன் ஈர உணவை வைத்தால், கிட்டே வந்து முகர்ந்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டிவிட்டுப் போய்விடுகிறது. இந்த மறுப்பை நாக்கின் கணக்கில் எழுதுவதே நெடுநாள் வழக்கம். உலர் மணிகளின் மேல் பூசப்படும் புரதச் சாறும் பைரோபாஸ்பேட் உப்பும் பூனையை ஒரு ருசிக்கு அடிமையாக்கிவிட்டன, அதற்கு ஈடான ருசி கிடைக்கும்வரை அது மசியாது என்று அந்த வழக்கு சொல்கிறது. மருத்துவ அறிவுரையும் இதிலிருந்தே பிறக்கிறது. கோழி பிடிக்கவில்லையா, டூனா வாங்குங்கள். டூனாவும் வேண்டாமா, வேறு நிறுவனத்தின் ஆட்டிறைச்சியைப் பாருங்கள். வளர்ப்பவர் பை பையாக வாங்கிக் கொட்டுகிறார். பூனை உலர் மணிக்கே திரும்புகிறது. ‘இது மாறாத பூனை’ என்று முடிவு கட்டப்படுகிறது.

அந்த முடிவு அவசரப்பட்டது என்பது இக்கட்டுரையின் வாதம். ‘இது சுவையாக இருக்கிறதா’ என்ற கேள்விக்கு முன்பாக ‘இது உணவா’ என்றொரு கேள்வி பூனைக்கு இருக்கிறது. மறுக்கும் பூனைகளில் பல முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. நாவில் படாத ஒன்றைப் பற்றிச் சுவையின் மொழியில் பேசுவது பொருந்தாது. இதற்குச் சான்றாக நான் எடுத்துக்கொள்வது புதிய ஆய்வொன்றை அல்ல. இத்துறையில் எல்லோரும் அறிந்த, ஆனால் பாதி மட்டுமே படிக்கப்பட்ட, ஆய்வாளர் வாண்டா விர்விக்காவின் 1978ஆம் ஆண்டுக் கட்டுரையையே எடுத்துக்கொள்கிறேன்.

அக்கட்டுரை விவரிக்கும் சோதனையில் தாய்ப்பூனைகளின் மூளையில் மின்முனை பொருத்தி, மின்தூண்டலையே பரிசாகக் கொடுத்து, இறைச்சி உருண்டைகளை விட்டுவிட்டு வாழைப்பழத்தையோ அகர் கூழையோ தின்னப் பழக்கினார்கள். பால்குடி மறக்கும் பருவத்துக் குட்டிகளை அத்தாய்களோடு விட்டார்கள். இறைச்சி எட்டும் தூரத்தில் இருந்தும் குட்டிகள் தாய் தின்றதையே தின்றன. பின்னர்த் தாய் இல்லாமல் தனியே விட்டபோதும் அந்தத் தேர்வு தொடர்ந்தது.

இக்கட்டுரை மேற்கோள் காட்டப்படும் இடங்களில் எல்லாம் வாழைப்பழம்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஊனுண்ணியின் குட்டி பழம் தின்றது என்பது நினைவில் ஒட்டிக்கொள்ளும் செய்தி. தாயின் சுவை குட்டிக்கு ஒட்டிக்கொள்கிறது என்று அதிலிருந்து பாடம் எடுக்கப்படுகிறது. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். ‘தாயின் சுவை’ என்று சொல்ல அத்தாய்களிடம் சுவை சார்ந்த விருப்பம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அவை பழத்தின் ருசிக்காகத் தின்னவில்லை, மின்தூண்டலுக்காகத் தின்றன. குட்டிகளின் மூளையிலோ மின்முனை இல்லை. எனவே தாய்க்குக் கிடைத்த பரிசும் குட்டிக்குக் கிடைத்ததும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. தாயிடமிருந்து குட்டிக்குப் போனது ஒரு தகவல் மட்டுமே: ‘இது தின்னும் பொருள்.’

இந்த வாசிப்புக்கு வாழைப்பழத்தைவிட அகர் கூழ் வலுவான சான்று. அதை ஏன் எவரும் பொருட்படுத்தவில்லை என்பது எனக்குப் புரியவில்லை. நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் கடல்பாசி என்று காய்ச்சி இறுக்குகிறோமே, அந்தப் பொருள்தான் அகர். நாம் பாலும் சர்க்கரையும் சேர்ப்பதால்தான் அதற்கு ருசி வருகிறது. தனி அகருக்குச் சொல்லும்படியான சுவையோ மணமோ கிடையாது. பூனைக்குடல் அதைச் செரித்துப் பெறும் ஆற்றலும் இல்லை என்றே சொல்லலாம். வாழைப்பழத்திலாவது மாவுச்சத்து இருக்கிறது, தின்றபின் உடலுக்குக் கிடைத்த பயன் தேர்வை உறுதிப்படுத்தியது என்று வாதாடலாம். அகரில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. நாவுக்கும் ஒன்றுமில்லை, வயிற்றுக்கும் ஒன்றுமில்லை. இருந்தும் குட்டிகள் இறைச்சியை ஒதுக்கி அதைத் தின்றன என்றால், சுவையை முதற்காரணமாக வைக்கும் கொள்கை இங்கே எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

வாழைப்பழத்தின் மீதமிருந்த பிடியையும் 2005ஆம் ஆண்டு தளர்த்திவிட்டது. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதியை உருவாக்கும் டாஸ்1ஆர்2 மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் அவ்வாண்டு காட்டினார்கள். நமக்குப் பழத்தின் முதன்மைச் சுவையாக இருப்பது பூனைக்கு எட்டுவதே இல்லை. 1978இன் வாசகர்களுக்கு இந்த மரபணுச் சான்று கிடைத்திருக்கவில்லை. இன்றும் பழைய வாசிப்பையே திரும்பச் சொல்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

விர்விக்கா 1980இல் லாங் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையையும் இதனோடு வைத்துப் படிக்க வேண்டும். அதில் மின்முனையின் செயற்கைத்தனம் இல்லை. குட்டிகளுக்குப் புதிய உணவு வைக்கப்பட்டது. அதில் டூனாவும் ஒன்று. தாயுடன் இருந்தவை முதல் நாளே வாய் வைத்தன. தனியே விடப்பட்டவை நாட்கணக்கில் தயங்கின. டூனா பூனைக்குச் சுவையற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பூனைக்கு உமாமி என்ற இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பி உண்டு என்பதையும், டூனாவில் மிகுந்திருக்கும் ஹிஸ்டிடின், இனோசினேட் ஆகியவற்றின் சேர்க்கையை அது விரும்புகிறது என்பதையும் 2023இல் வெளிவந்த ஆய்வு தெளிவாக்கியிருக்கிறது. அத்தகைய உணவு முன்னால் இருந்தும் தனியே விடப்பட்ட குட்டி தயங்குகிறது. உணவு அங்கேயே இருந்தது, ருசியும் இருந்தது. இல்லாதது, அது உணவுதான் என்ற உறுதி.

எதிர்வாதங்களில் ஒன்றை முதலில் விரிவாகப் பார்க்க வேண்டும். குட்டி தாயின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். தாய் நிற்கும் கிண்ணத்தில்தான் அதன் வாய் படும். இதில் கற்றல் எதுவுமில்லை, இடநெருக்கமே காரணம் என்பது அது. முதல் நாளைப் பொறுத்தவரை இதை மறுக்க என்னிடம் வலுவான சான்று இல்லை. ஆனால் 1978 சோதனையில் தாய் இல்லாதபோதும் தேர்வு நீடித்தது. பக்கத்தில் தாய் இல்லை, இறைச்சியும் தடுக்கப்படவில்லை. இடநெருக்கம் முதல் வாயை விளக்கலாம், பத்தாவது வாயை விளக்காது. மேலும், இடநெருக்கத்தால் வாய் பட்டுப் பட்டு ஒரு பொருள் உணவாகிவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் அதுவும் என் வாதத்துக்கு உடன்பாடானதே. அடையாளம் உருவாகும் வழியைத்தான் அப்படி வாதிடுபவர்கள் சொல்கிறார்கள்.

குட்டிப்பருவத்தில் பதிந்தது பின்னால் மாறாது என்ற ஆட்சேபம் என்னை அதிகம் தடுக்கவில்லை. தெருவிலிருந்து வீட்டுக்கு வந்த வளர்ந்த பூனைகள் முன்பின் பார்த்திராத உணவுக்குப் பழகிவிடுவதை எல்லோரும் அறிவோம். 

பூனை புதுமை விரும்பி, ஒரே உணவில் சலித்துப்போகும் விலங்கு என்ற வாதம் சற்றே கனமானது. ஆனால் அதற்குச் சான்றாகக் காட்டப்படும் புதுமையைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே உணவென்று ஏற்ற வடிவத்துக்குள் சுவை மாறுவதுதான் பெரும்பாலும் அந்தப் புதுமை. மணிக்குப் பதில் இன்னொரு மணி. ஈர உணவு அப்படிப்பட்டதல்ல. உலர் மணியில் ஈரம் நூற்றுக்குப் பத்து அளவில். ஈர உணவில் எழுபத்தைந்துக்கும் மேல். மணி தட்டில் கலகலவென்று விழும், பல்லில் நொறுங்கும், நாள் முழுக்க ஒரே மணத்தோடு கிடக்கும். ஈர உணவு ஓசையின்றி விழும், பல்லில் அகப்படாது, குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தால் மணமே எழும்பாது. ஒலி, உருவம், மணம், சூடு, கடிபதம் ஐந்தும் ஒரே வேளையில் மாறுகின்றன. இதைச் ‘சுவை மாற்றம்’ என்று அழைப்பது விந்தையானது.

2016இல் ஹியூசன்-ஹியூஸும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு எனக்கு எதிராகக் காட்டப்படலாம். மீன், முயல், ஆரஞ்சு மணங்களைச் சேர்த்துப் பூனைகளுக்கு உணவு கொடுத்தபோது தொடக்கத்தில் மணமே தேர்வை நடத்தியது. நாளடைவில் மணம் எதுவானாலும் புரதமும் கொழுப்பும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமையும்படி அவை தேர்ந்தன. நான் இதில் படிப்பது வேறு. சுவையின் ஆட்சி சில நாள் ஆட்சிதான், தின்ற அனுபவம் அதை வென்றுவிடுகிறது. ஆனால் அந்த அனுபவம் கிடைக்க முதலில் தின்ன வேண்டுமே! வீட்டில் முரண்டு பிடிக்கும் பூனை அந்த வாசலையே தாண்டுவதில்லை.

இங்கே அளவீட்டிலும் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. இரு கிண்ணங்களை வைத்து எதில் எவ்வளவு குறைந்தது என்று நிறுப்பதே இத்துறையின் வழக்கமான சோதனை. முகர்ந்துவிட்டு விலகிய பூனைக்கும், நக்கிப் பார்த்து வேண்டாமென்று விட்ட பூனைக்கும் அதில் ஒரே எண்தான் விழும்: பூஜ்யம். முன்னதற்கு அது உணவென்று அடையாளமாகவில்லை, பின்னதற்குச் சுவை பிடிக்கவில்லை. தராசுக்கு இந்த வேற்றுமை தெரியாது. முதல் நக்கலுக்கு எத்தனை நாள் ஆனது என்பதைத் தனியே குறிக்காதவரை, ‘சுவை பிடிக்காததால் மறுத்தது’ என்று எழுத நமக்கு உரிமை இல்லை.

என் வாசிப்பு சரியென்றால் உணவு மாற்றும் முறையும் மாற வேண்டியிருக்கும். அடுத்தடுத்து வெவ்வேறு சுவைகளை நீட்டுவது உதவாது. ஒவ்வொன்றும் பூனைக்கு இன்னொரு அந்நியப் பொருள். ஒரே ஈர உணவைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டும். தட்டு, மூலை, வேளை எதுவும் மாறக் கூடாது. உடற்சூடு, அதாவது 37 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் மணம் எழும்பும். நாள் முழுவதும் மணி நிறைந்து கிடக்கும் தட்டை நிறுத்தி, வேளைக்கு வைத்து வேளைக்கு எடுக்கும் பழக்கம் முதலில் வர வேண்டும். ஆனால் ‘பசித்தால் தின்னும்’ என்று மணியை முழுதாக நிறுத்துவது கொடிய தவறு. பூனை, அதிலும் பருத்த பூனை, சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். ஒரு நாள் முழுக்க எதுவுமே தின்னாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அடையாளம் காணாத பொருளைப் பசி அடையாளம் காட்டிவிடாது என்பதே என் கணிப்பு.

ஒரு பூனையைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. இருந்தாலும் அருகிலிருந்து பார்த்ததைச் சொல்லாமல் விடுவது சரியல்ல. எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு எட்டு வயது. பால்குடி மறந்த நாள் முதல் உலர் மணி தவிர வேறெதையும் தின்றதில்லை. சிறுநீர்ப்பையில் ஸ்ட்ருவைட் கல் கண்டபின் மருத்துவர் ஈர உணவுக்கு மாற்றச் சொன்னார். முதல் இரண்டு வாரம் நானும் பழைய வழியில்தான் போனேன். மூன்று நிறுவனங்கள், ஏழு சுவைகள். அத்தனையும் குப்பைக்குப் போயின. ஒவ்வொரு முறையும் அது தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டியது, மலத்தை மூடுவதுபோல.

பிறகு ஒரே கோழிக்கூழ், அதே எவர்சில்வர் தட்டு, அதே அடுக்களை மூலை. வழக்கமான மணிகளுக்குப் பக்கத்தில் அரைத் தேக்கரண்டி கூழ் வைத்து, அதன் மேல் மூன்று மணிகளை நட்டுவைத்தேன். தின்னச் சொல்லிக் கெஞ்சவில்லை, வேளை முடிந்ததும் எடுத்துவிட்டேன். முதல் ஐந்து நாள் மணியைத் தின்றுவிட்டுக் கூழைப் பார்த்துத் தரையைப் பிராண்டியது. ஆறாம் நாள் பிராண்டவில்லை. முகர்ந்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. ஏழாம் நாளும் அப்படியே. எட்டாம் நாள் காலை, நட்டுவைத்த மணி ஒன்றைக் கவ்வியபோது அதன் அடியில் ஒட்டியிருந்த கூழ் முதல்முறையாக அதன் நாவில் பட்டது. அப்படியே நின்று உதட்டை நக்கிக்கொண்டது, மீண்டும் குனிந்தது.

மணம் பழகிவிட்டது, அவ்வளவுதான் என்று சிலர் சொல்லக்கூடும். நானும் அதைத்தான் சொல்கிறேன். பிராண்டல் நின்றது ஆறாம் நாள், கூழ் நாவில் பட்டது எட்டாம் நாள். இடைப்பட்ட இரண்டு நாளில் சுவை எதுவும் நடக்கவில்லை.