"எஞ்சின் கழட்டினதோ?": ஹொண்டா விஎஃப் 750 எஃப் சொல்லித்தரும் பாடம்

பாவிச்ச மோட்டச்சைக்கிள் ஒன்றைப் பார்க்கப் போனால் எங்கட வாயில் முதலில் வருகிற கேள்வி, "எஞ்சின் கழட்டினதோ?" என்பதுதான். "இல்லைத் தம்பி, கை வைக்கவே இல்லை" என்று விற்கிறவர் சொன்னால் மனம் குளிர்ந்துவிடும். கழட்டினது என்றால் விலையைக் குறைத்துக் கேட்போம், இல்லாவிட்டால் பேசாமல் திரும்பி வந்துவிடுவோம்.

இந்தக் கேள்வியைத் தலைகீழாக்கிய ஒரு மோட்டச்சைக்கிள் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ஹொண்டா விஎஃப் 750 எஃப். அமெரிக்காவில் அதற்கு 'இன்டர்செப்டர்' என்று பெயர். அதைப் பாவிச்சதாக வாங்கப் போனவர்கள், கை வைக்காத எஞ்சினைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டியிருந்தது. ஏன் அப்படி ஆனது என்று பார்ப்போம்.

அவசர காலத்துப் பிள்ளை

1979இல் ஹொண்டா உலகக் கிராண்ட் பிரிக்ஸ் ரேஸுக்குத் திரும்பி வந்தது. மற்றவர்கள் எல்லாம் டூ ஸ்ட்ரோக் ஓட, ஹொண்டா மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்தான் என்று நின்றது. அதற்காக நீள்வட்டப் பிஸ்டன் வைத்த என்ஆர் 500 என்ற வி4 வண்டியைச் செய்தது. அது ஒரு கிராண்ட் பிரிக்ஸையும் வெல்லவில்லை. ஆனாலும் வி4 எஞ்சின் மேல் ஹொண்டாவுக்கு இருந்த ஆசை போகவில்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. நாலு சிலிண்டரையும் ஒரே வரிசையில் வைத்தால் எஞ்சின் அகலமாகிவிடும். இரண்டிரண்டாக 90 பாகைக் கோணத்தில் வைத்தால் ஒடுங்கும், அதிர்வும் குறையும். 1982இல் சேபர், மக்னா என்ற வண்டிகளில் இந்த எஞ்சின் தெருவுக்கு வந்தது. அடுத்த மாதிரி ஆண்டில் அதையே ஸ்போர்ட்ஸ் வண்டியாக்கி, சதுரக் குழாய்ச் சட்டமும் 16 அங்குல முன்சில்லும் போட்டு விட்டதுதான் விஎஃப் 750 எஃப். 748 சிசி, தண்ணீரால் குளிரும் எஞ்சின், சிலிண்டருக்கு நாலு வால்வு. அன்றைய இளம் ஆட்களுக்கு அது ரேஸ் வண்டி தெருவுக்கு வந்த மாதிரி.

அதே காலத்தில்தான் ஹொண்டாவுக்கும் யமஹாவுக்கும் இடையில் பெரிய வியாபாரச் சண்டை நடந்தது. உலகத்தில் முதலாம் இடத்தைப் பிடிக்கப் போகிறோம் என்று 1981இல் யமஹா கிளம்பியது. பதிலுக்கு ஹொண்டா, ஏறக்குறைய 18 மாதத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய, மாற்றிய மாதிரிகளை இறக்கியது. 1983இல் யமஹா தோல்வியை ஒத்துக்கொண்டது. விஎஃப் 750 எஃப் பிறந்தது இந்த ஓட்டத்துக்கு நடுவில்.

சொக்லேட் காம்

விற்ற கொஞ்சக் காலத்திலேயே முறைப்பாடு வரத் தொடங்கியது. எஞ்சினின் தலைப் பக்கத்தில் 'டக் டக்' என்று சத்தம். திறந்து பார்த்தால் காம்ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். "இந்தக் காம் சொக்லேட்டில் செய்ததோ" என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். 'சொக்லேட் காம்' என்ற பட்டப்பெயர் இன்றைக்கும் அந்த வண்டியை விட்டுப் போகவில்லை.

காம்ஷாஃப்ட் என்பது வால்வுகளைத் திறக்கிற தண்டு. அதில் இருக்கிற முட்டை வடிவ மேடுகள் சுழன்று சுழன்று வால்வைத் தள்ளும். மேட்டுக்கும் அது தள்ளுகிற பாகத்துக்கும் இடையில் மெல்லிய ஒயில் படலம் ஒன்று இருக்க வேண்டும். அந்தப் படலம் அறுந்தால் இரும்பும் இரும்பும் நேரே உரசும். மேட்டின் கடினமான மேல்தோலில் முதலில் சின்னச் சின்னக் குழி விழும். தோல் போய்விட்டால் அடியில் இருப்பது மெதுவான உலோகம். பிறகு தேய்மானம் வேகமெடுக்கும், தேய்ந்த தூளும் ஒயிலோடு கலந்து ஓடும்.

காரணம் என்று பலதைச் சொன்னார்கள். எஞ்சினின் தலைக்குப் போகிற ஒயில் போதாது, ஸ்டார்ட் பண்ணும்போதும் சும்மா நிற்க ஓடும்போதும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பது ஒன்று. காம்ஷாஃப்ட் இருக்கிற பெயரிங்கில் இடைவெளி கூடிப்போய், தண்டு ஆடுகிறது என்பது இன்னொன்று. தண்டு ஆடினால் வால்வ் இடைவெளியைச் சரியாக அளக்க ஏலாது. மெக்கானிக் ஒழுங்காகத்தான் அளந்தேன் என்று நினைப்பார், எஞ்சின் ஓடும்போது கணக்குப் பிழைத்திருக்கும். அதனால் அளக்கும்போது தண்டை அசையாமல் பிடித்துவைக்க ஹொண்டா ஒரு தனி ஆயுதத்தையே கொடுத்தது. காம்ஷாஃப்டையும் மாற்றிச் செய்தது. வெளியில் வேறு ஆட்கள், ஒயிலை நேரே தலைக்குக் கொண்டுபோகிற குழாய் செட்டுகளை விற்றார்கள்.

ரேஸில் வென்றதே?

இங்கேதான் கனபேர் குழம்புகிறார்கள். அமெரிக்க சூப்பர்பைக் பட்டத்தை 1984இல் ஃபிரெட் மெர்க்கல் வென்றது இந்த இன்டர்செப்டரில்தான். 1985இல் ஃபிரெடி ஸ்பென்சர் டேடோனா 200 ரேஸை வென்றதும் அதில்தான். இப்படி வென்ற எஞ்சின் எப்படிப் பலவீனமானதாக இருக்கும்?

ரேஸ் எஞ்சினை அடிக்கடி கழட்டுவார்கள், பார்ப்பார்கள், தேய்ந்ததை மாற்றுவார்கள். அது சிக்னலில் நின்று புகைக்காது, நாளுக்குப் பத்துத் தரம் குளிரில் ஸ்டார்ட் ஆகாது. வேலைக்குப் போய்வருகிறவரின் எஞ்சின் அப்படி இல்லை. ரேஸ் வெற்றி, அந்த எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்குச் சாட்சி. எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கு அது சாட்சி இல்லை. பாவிச்ச வண்டி வாங்குகிற எங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

1983இல் அமெரிக்கா 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி மோட்டச்சைக்கிள்களுக்கு வரியைக் கடுமையாகக் கூட்டியது. ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்றுவதற்கான வரி அது. ஹொண்டா உடனே எஞ்சினை 698 சிசிக்குக் குறைத்து, விஎஃப் 700 எஃப் என்று விற்றது. பெயரும் சிசியும் மாறியதால் வருத்தமும் போய்விட்டது என்று நினைக்கக்கூடாது. அதுவும் அதே குடும்பத்து எஞ்சின்தான்.

யார் காசு கொடுத்தது?

ஹொண்டா தன் பெயரை மீட்க 1986இல் விஎஃப்ஆர் 750 எஃப் வண்டியைக் கொண்டுவந்தது. அதில் காம்ஷாஃப்டைச் சுற்றுவது சங்கிலி இல்லை, பற்சில்லுகள். அலுமினியச் சட்டம். இந்த முறை பிழைக்கவில்லை. விஎஃப்ஆர் நம்பகத்துக்குப் பேர்போன வண்டியானது. அதன் வழியில் வந்த ஆர்சி 30இல், அதே மெர்க்கல் 1988, 1989 உலக சூப்பர்பைக் பட்டங்களை வென்றார். கம்பனியின் கதை சந்தோசமாக முடிந்தது.

ஆனால் தெருவில் நின்ற பழைய விஎஃப்கள்? உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு காம்ஷாஃப்ட் தேய்ந்தால், அதன் செலவு வண்டியை அப்போது வைத்திருந்தவரின் தலையில். அவர் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது ஆள். மலிவாய்க் கிடைக்கிறதே என்று வாங்கினவர். அந்த மலிவுக்குள்ளேயே அந்தச் செலவு ஒளிந்திருந்தது. தொழிற்சாலையின் அவசரத்துக்குக் கடைசியில் காசு கட்டியது, புது வண்டி வாங்க வசதி இல்லாத இளம் ஆட்கள்.

எல்லா விஎஃப்பும் செத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நேரத்துக்கு ஒயில் மாற்றி, வால்வ் இடைவெளியைச் சரியான முறையில் அளந்து, ஸ்டார்ட் பண்ணினவுடன் முறுக்காமல் ஓடினவர்களின் வண்டிகள் நெடுங்காலம் ஓடின, இப்போதும் ஓடுகின்றன. அதனால்தான் விசயம் தெரிந்தவர்கள் விஎஃப் ஒன்றைப் பார்க்கப் போனால் வால்வ் மூடியைக் கழட்டச் சொல்லுவார்கள். காம் மேடுகளில் குழி இருக்கா, கோடு விழுந்திருக்கா என்று லைற் அடித்துப் பார்ப்பார்கள். மாற்றின காம்ஷாஃப்டுக்குப் பில் கேட்பார்கள். "கை வைக்கவே இல்லை" என்று விற்கிறவர் பெருமையாகச் சொன்னால், அந்த வண்டியில் தேய்மானத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்களில் யாரும் நாளைக்கே விஎஃப் வாங்கப் போவதில்லை. ஆனால் ஏதோ ஒரு ஸ்போர்ட்ஸ் வண்டியைப் பார்க்க, சேர்த்த காசோடு ஒரு நாள் போவோம். போக முன்னம் அந்த எஞ்சினுக்கு என்ன வருத்தம் வாறது என்று தேடிப் படிப்போம். போன இடத்தில் "கழட்டினதோ?" என்று கேட்டுவிட்டு நிற்காமல், "ஏன் கழட்டினது, ஆர் கழட்டினது, என்ன மாத்தினது, பில் இருக்கோ?" என்றும் கேட்போம். ஒழுங்கான பதில் வந்தால், கழட்டின எஞ்சினுக்குப் பயப்படத் தேவையில்லை.