தமிழ்ப் புலமை உலகில் செய்தியும் அறிவிப்பும்

தமிழ் இலக்கியத்திலும் மொழியியலிலும் உழைக்கும் அறிஞர்கள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் தொழில்சார் செய்திகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. புதிய பதிப்பு, சுவடி இருக்கும் இடம், கருத்தரங்க நாள், கட்டுரை அழைப்பு, ஆசிரியர் பணியிடம், மறைந்த அறிஞரைப் பற்றிய குறிப்பு முதலியன இவ்வகையில் அடங்கும். இவை சிறு செய்திகளாகத் தோன்றினும், உரிய காலத்தில் உரியவரைச் சேராமையால் நூல்கள் அழிந்ததும் உண்டு. மாநாடுகள் தடைப்பட்டதும் உண்டு.

அரண்மனையும் மடமும்

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் தோன்றுவதற்கு முன்னர் இப்பணியைச் சைவ மடங்களும் ஜமீன் அரண்மனைகளும் செய்தன. இன்றைய தென்காசி மாவட்டத்தில் சிற்றாற்றங்கரையில் உள்ள வீரகேரளம்புதூர் இதற்கு நல்ல சான்று. ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இவ்வூரில்தான் இருந்தது. ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் புலவர்களை ஆதரித்தவர். காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் அவருடைய அவைக்களப் புலவர். உ.வே. சாமிநாதையரும் இவ்வரண்மனையோடு தொடர்பு கொண்டிருந்தார்; ஜமீன்தாரின் தமிழன்பைப் பிற்காலத்தில் எழுதியும் வைத்தார்.

அண்ணாமலை ரெட்டியார் திருவாவடுதுறை ஆதீனத்திற்குச் சென்று தமிழ் பயின்றவர். மடத்தில் பயின்றவர் அரண்மனைக்கு வருவதும், அரண்மனைப் புலவர் மடத்திற்குச் செல்வதும் வழக்கமாயிருந்தமையால், எந்த ஊரில் எந்த ஏடு இருக்கிறது என்ற செய்தி வாய்மொழியாகவும் கடிதம் வழியாகவும் பரவியது. ஆனால் அச்செய்தி எல்லா ஊர்களையும் எட்டவில்லை.

பிந்திய செய்தியால் நேர்ந்த இழப்பு

சுவடி தேடிப் பயணம் செய்த சாமிநாதையர், அதே வட்டாரத்தைச் சேர்ந்த கரிவலம்வந்தநல்லூருக்கும் சென்றார். அவ்வூர்க் கோயிலில் பழைய ஏடுகள் நிறைய இருந்ததாக அவர் கேள்விப்பட்டிருந்தார். அவர் சென்றபோதோ அவை இல்லை. சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாக அறிந்தார். தீயில் இட்டவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். சாத்திர முறைப்படி செய்வதாகவே எண்ணினர். அவ்வேடுகளைத் தேடும் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி அவர்களை எட்டாததே இழப்பிற்குக் காரணம். இந்நிகழ்ச்சியைச் சாமிநாதையர் தம் வரலாற்றில் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார்.

ஒருவர் செய்யும் பணி மற்றவருக்குத் தெரியாதிருப்பது இன்னொரு வகை இடர். சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், சி.வை. தாமோதரம் பிள்ளையும் அந்நூலைப் பதிப்பிக்க விரும்பினார். இருவரும் நேரில் பேசிய பின்னரே நிலைமை தெளிவாயிற்று. 1887இல் சிந்தாமணியைச் சாமிநாதையர் வெளியிட்டார். அதே ஆண்டில் தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு வந்தது. பதிப்புச் செலவுக்கு முன்கூட்டியே கையொப்பம் பெறும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. அதற்காக விடுத்த வேண்டுகோள்கள் பதிப்பு அறிவிப்புகளாகவும் பயன்பட்டன.

இதழ்களின் காலம்

ஐரோப்பாவில் அறிஞர் கடிதங்களின் இடத்தை இதழ்கள் பிடிக்கத் தொடங்கியது 1665ஆம் ஆண்டில். தமிழில் அம்மாற்றம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலுப்பெற்றது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டில் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ் தோன்றியது. முதலில் ரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் அதன் ஆசிரியர்களாக இருந்தனர். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் 'செந்தமிழ்ச் செல்வி' 1923இலும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் 'தமிழ்ப்பொழில்' 1925இலும் தொடங்கின. சிற்றூரில் பணிபுரிந்த தமிழாசிரியரும் புதிய பதிப்பையும் ஆய்வையும் பற்றி அறிய இவ்விதழ்கள் வழி செய்தன.

உலக அளவில் இணைந்த அறிஞர்கள்

தமிழாய்வு பல நாடுகளுக்குப் பரவியபோது நாடு கடந்த தொடர்பு தேவைப்பட்டது. தனிநாயகம் அடிகள் 1952 முதல் நடத்திய 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழ் இதற்கு அடித்தளமிட்டது. 1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்றுசேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவப்பட்டது. தனிநாயகம் அடிகளும் வ.ஐ. சுப்பிரமணியமும் இம்முயற்சியில் முன்னின்றனர். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவரானார். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது. சென்னை (1968), பாரிசு (1970), யாழ்ப்பாணம் (1974), மதுரை (1981) ஆகிய நகரங்கள் அதனைத் தொடர்ந்தன.

வ.ஐ. சுப்பிரமணியம் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியல் கழகத்தையும் (1971) அதன் ஆய்விதழையும் (1972) உருவாக்கினார். அக்கழகம் 'டிஎல்ஏ நியூஸ்' என்ற மாதச் செய்தி மடலையும் வெளியிட்டது. செய்தியைத் தனி மடலாக அனுப்பும் முறை, நான்கு தென்னிந்திய மாநிலங்களின் மொழியறிஞர்களையும் இணைத்தது. இந்தியப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர் மன்றம் ஆண்டுக் கருத்தரங்குகளை நடத்தி, கட்டுரைகளை 'ஆய்வுக்கோவை' என்ற பெயரில் தொகுத்தது.

கால அவகாசமும் நம்பகமும்

அறிவிப்புக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே போதிய காலம் வேண்டும் என்பதை 2010ஆம் ஆண்டு காட்டியது. உலகத் தமிழ் மாநாட்டைக் கோவையில் நடத்தத் தமிழக அரசு 2009இல் முடிவு செய்தது. ஆய்வரங்குக்கு உரிய கட்டுரைகளைப் பெற்றுத் தெரிவு செய்யக் கூடுதல் காலம் தேவை என்று மன்றத் தலைவர் நொபொரு கராசிமா கருதினார். நாள் குறித்து உடன்பாடு ஏற்படவில்லை. எனவே 2010 ஜூன் மாதத்தில் அரசு தனியே உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை நடத்தியது. மன்றத்தின் ஒன்பதாம் மாநாடு 2015இல்தான் கோலாலம்பூரில் கூடியது.

இன்று செய்திக்குப் பஞ்சமில்லை. தெரிவு செய்வதே கடினம். பட்டத்திற்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை தேவைப்படுவதால், பணம் பெற்று எதையும் வெளியிடும் இதழ்களின் அழைப்புகளும் பெருகிவிட்டன. தரமான இதழ்களை அடையாளம் காட்டப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஒரு பட்டியலை நடைமுறைப்படுத்தி, 2025இல் அதைக் கைவிட்டது. ஆகவே அழைப்பை ஆராயும் பொறுப்பு மாணவரிடமும் நெறியாளரிடமும் வந்து சேர்ந்துள்ளது. பதிப்பாசிரியர் குழுவில் இருப்போர் யார், கட்டுரையை மதிப்பிடுவோர் யார், முந்தைய இதழ்களைப் பார்க்க முடிகிறதா, கட்டணம் ஏன் கேட்கப்படுகிறது என்ற நான்கு வினாக்களுக்கு விடை கண்டபின் கட்டுரையை அனுப்புவது நல்லது.

சுவடிகளைப் பொறுத்தவரை பழைய தேவை இன்னும் தீரவில்லை. வீரகேரளம்புதூர் போன்ற பழைய ஜமீன் ஊர்களில், ஒரு வீட்டின் பரணில் ஏட்டுக்கட்டு கிடைத்தால், அச்செய்தியை அருகிலுள்ள பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்கோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ ஒரு கடிதத்தில் தெரிவித்தால் போதும். கரிவலம்வந்தநல்லூருக்கு ஒரு காலத்தில் போய்ச் சேராதிருந்தது அத்தகைய ஒரு கடிதமே.