நிகழ்பட ஆட்ட உருவாக்கத்தில் வணிகமும் கலை நோக்கும்

நிகழ்பட ஆட்டம் (பேச்சு வழக்கில் வீடியோ கேம்) ஒரு கலை ஆக்கமாகவும் விற்பனைப் பொருளாகவும் ஒருங்கே விளங்குவது ஆகும். ஆட்டத்துக்குப் பணம் இடுவோரின் எதிர்பார்ப்புகளும் அதனை ஆக்குவோரின் கலை நோக்கமும் எல்லா வேளைகளிலும் ஒத்துப்போவதில்லை. இந்த முரண் பெரும்பாலும் மூன்று வழிகளில் வெளிப்படுகிறது: வெளியீட்டு நாள், செலவு, ஆட்டத்தின் அளவு. இந்தியாவில் உருவான ராஜி, கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைக் கூறும் வெண்பா ஆகிய ஆட்டங்கள் இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகளாகும்.

முரணின் அடிப்படை

ஒரு கவிதையை ஒருவர் தனியே எழுதி முடிக்கலாம். நிகழ்பட ஆட்டத்துக்கோ பெரும்பாலும் நிரலாளர், ஓவியர், இசையமைப்பாளர், கதையாசிரியர், சோதனையாளர் எனப் பலர் தேவை. ஆட்டம் விற்பனைக்கு வருவதற்கு முன்னரே, பல வேளைகளில் ஆண்டுக்கணக்கில், இவர்களுக்கு ஊதியம் வழங்க வேண்டும். இப்பணத்தை வெளியீட்டு நிறுவனம் முன்பணமாகத் தருவது வழமை. அதற்கு ஈடாக அந்நிறுவனம் வருவாயில் பங்கும், வெளியீட்டு நாளை முடிவு செய்யும் உரிமையும் கோருவதுண்டு.

இது திரைப்படத் துறையில் தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் உள்ள உறவை ஒத்தது. எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஓர் ஆட்டம் சுவையானதா என்பது ஆடிப் பார்த்த பின்னரே தெரியும். ஆகவே, ஆக்கியதை மாற்றி மீண்டும் ஆக்கும் திருத்தக் காலம் இதற்கு இன்றியமையாதது. அக்காலத்தை முன்கூட்டியே கணிப்பது கடினம். வெளியீட்டு நாள் முன்னரே குறிக்கப்பட்டுவிட்டால், முதலில் குறைக்கப்படுவது பெரும்பாலும் இத்திருத்தக் காலமே.

தொடக்க காலம்

1970களில் அமெரிக்காவின் அடாரி நிறுவனம், தன் ஆட்டங்களை உருவாக்கிய நிரலாளர்களின் பெயர்களை வெளியிடவில்லை. இதனால் வாரன் ராபினெட் என்பவர், தாம் உருவாக்கிய அட்வென்ச்சர் ஆட்டத்தில் மறைவான ஓர் அறையை அமைத்துத் தம் பெயரை அங்கே பொறித்து வைத்தார். உரிய பெயரும் வருவாய்ப் பங்கும் கிடைக்காத நிலையில், நான்கு நிரலாளர்கள் அடாரியை விட்டு விலகி 1979 இல் ஆக்டிவிசன் நிறுவனத்தைத் தொடங்கினர். இந்நிறுவனம் ஆட்டத்தை உருவாக்கியவரின் பெயரை வெளிப்படையாக அறிவித்தது.

1982 இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. திரைப்படத்தை ஒட்டி அடாரி ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. கிறித்துமசு விற்பனைக் காலத்தைத் தவறவிடக்கூடாது என்பதால், ஹாவர்டு ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளருக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களே வழங்கப்பட்டன. அவருடைய முந்தைய ஆட்டமான யார்ஸ் ரிவெஞ்ச் பல மாதங்களில் உருவானதாகும். ஈ.டி. ஆட்டப் பேழைகள் பெருமளவில் விற்காமல் தேங்கின. 1983 இல் அடாரி தன் விற்காத சரக்குகளை நியூ மெக்சிகோ மாநிலத்தின் அலமொகோர்டோ நகரிலுள்ள குப்பைமேட்டில் புதைத்தது. 2014 இல் அவ்விடம் தோண்டப்பட்டபோது ஈ.டி. பேழைகளும் வெளிவந்தன. திருத்தக் காலத்தைக் குறைப்பது கலைக்கு மட்டுமன்றி வணிகத்துக்கும் கேடு விளைவிக்கக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது.

ஓகாமி

நல்ல ஆட்டம் என்ற பாராட்டு விற்பனைக்கு உறுதி ஆகாது. 2006 இல் சப்பானின் கேப்காம் நிறுவனத்துக்கு உட்பட்ட குளோவர் ஸ்டூடியோ, ஓகாமி என்னும் ஆட்டத்தை உருவாக்கியது. சப்பானிய மை ஓவிய மரபில் அமைந்த அதன் காட்சிகள் விமர்சகர்களால் பெரிதும் போற்றப்பட்டன. ஆயினும் விற்பனை எதிர்பார்த்த அளவில் அமையவில்லை. 2007 இல் குளோவர் ஸ்டூடியோ மூடப்பட்டது. பின்னர் ஓகாமி வேறு கருவிகளுக்கும் மறுபடி வெளியிடப்பட்டுப் புதிய ஆட்டக்காரர்களைப் பெற்றது. 2024 திசம்பரில் அதன் தொடர்ச்சி அறிவிக்கப்பட்டது. ஆட்டம் நிலைத்தது, அதை உருவாக்கிய நிறுவனம் நிலைக்கவில்லை.

இந்தியச் சூழல்

இந்தியாவில் இத்துறை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான ஒப்பந்தப் பணியின் வழியாக வளர்ந்தது. 1997 இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், பிறர் உருவாக்கிய ஆட்டங்களுக்கு ஓவியங்களையும் முப்பரிமாண உருவங்களையும் ஆக்கித் தருவதில் பெயர் பெற்றது. 2019 இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் அதனை வாங்கியது. ஒப்பந்தப் பணி நிலையான ஊதியம் தரும். ஆனால் எதை ஆக்குவது என்ற முடிவு பணி தருபவரிடமே இருக்கும்.

சென்னை போன்ற பெருநகரத்திலும் சரி, திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்திலும் சரி, பெரும்பாலோர் ஆடுவது கைப்பேசியில்தான். கைப்பேசி ஆட்டங்களுள் மிகுதியானவை இலவசமாகக் கிடைப்பவை. விளம்பரம், ஆட்டத்தினுள்ளே விற்கப்படும் பொருள்கள் ஆகியவற்றால் வருவாய் ஈட்டுபவை. ஆகவே ஆட்டக்காரரை நாள்தோறும் திரும்ப வரச் செய்யும் அமைப்பே இவற்றில் முதன்மை பெறுகிறது. தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கதையை விலைக்கு விற்க விரும்பும் இந்திய உருவாக்குனர், வெளிநாட்டுச் சந்தையை நாட வேண்டிய நிலை இதனால் ஏற்படுகிறது.

ராஜி

ராஜி: ஆன் ஏன்சியன்ட் எபிக் என்பது புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ஆட்டம் ஆகும். அசுரர்களால் கவரப்பட்ட தன் தம்பியைத் தேடிச் செல்லும் ராஜி என்ற இளம்பெண்ணின் கதை இது. இராசத்தான் கட்டடக்கலையும் பகாரி ஓவிய மரபும் இதன் காட்சிகளில் பயன்பட்டுள்ளன. கதைப் பகுதிகள் சில பாவை நிழற்கூத்தின் வடிவில் அமைந்துள்ளன.

2017 இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தோல்வியுற்றது. பணியைத் தொடர்வதற்காக நிறுவனர்களுள் ஒருவர் தம் குடியிருப்பை விற்க நேர்ந்தது. பின்னர் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் நல்கையும் வெளியீட்டாளரின் துணையும் கிடைத்தன. 2020 ஆகத்தில் நின்டெண்டோ சுவிட்ச் கருவிக்கும், அவ்வாண்டு அக்டோபரில் பிற கருவிகளுக்கும் ஆட்டம் வெளிவந்தது. 2020 ஆம் ஆண்டுக்கான தி கேம் அவார்ட்ஸ் விருதுகளில், சிறந்த முதல் ஆட்டத்துக்கான பரிந்துரையையும் பெற்றது. கலையழகைப் பாராட்டிய விமர்சகர்கள் பலர், கதை குறுகியது, முடிவு திடீரென வருகிறது எனக் குறை கூறினர்.

வெண்பா

வெண்பா, கனடாவின் தொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் உருவாக்கி 2023 சூலை 31 இல் வெளியிட்ட ஆட்டம் ஆகும். தமிழ் யாப்பு வடிவமொன்றின் பெயரே இதன் தலைவிக்கும் பெயராக அமைந்துள்ளது. 1980களில் கணவருடன் கனடாவில் குடியேறும் வெண்பா, சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி, புட்டு, பிரியாணி போன்ற உணவுகளைச் சமைக்க ஆட்டக்காரர் உதவ வேண்டும். வளர வளரத் தமிழிலிருந்து விலகிச் செல்லும் மகன் கவினுடன் அவர் கொண்ட உறவே கதையின் மையம்.

ஆட்டம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இட்லி இன்னதென்று அறியாத வாங்குவோரே மிகுந்த சந்தையில், கதைக்களத்தைப் பொதுமைப்படுத்தாமல் தமிழ்க் குடும்பமாகவே விட்டதும், ஆட்டத்தை நீட்டாமல் விட்டதும் வணிக நோக்கில் துணிவான தெரிவுகளாகும். 2024 இல் இது இன்டிபென்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலின் தலையாய பரிசையும், சிறந்த முதல் ஆட்டத்துக்கான பாஃப்டா விருதையும் வென்றது.

மதிப்பீடு

வணிகத்தைக் கலையின் பகையாக மட்டும் கொள்வது பொருந்தாது. ஊதியமின்றிப் பெரிய ஆட்டம் எதுவும் உருவாவதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டுகளில் விளைவை வேறுபடுத்துபவை, இழப்பை யார் ஏற்கிறார், நாளை யார் குறிக்கிறார் என்ற இரு வினாக்களே. ஈ.டி. ஆட்டத்தில் நாளைக் குறித்தது நிறுவனம். பழியைச் சுமந்தவர் நிரலாளர். ராஜி ஆட்டத்தில் இழப்பை ஏற்க முன்வந்தவர்கள் உருவாக்குனர்களே. அதற்கு ஈடாக ஒரு வீடு கைமாறியது. வெண்பா தன் அளவைச் சிறிதாக வைத்துக்கொண்டதால், சொல்ல வந்ததை மாற்றாமல் சொல்லி முடிக்க இயன்றது. எனினும் சிறிய ஆட்டங்கள் மட்டுமே இவ்வுரிமையைப் பெற முடியுமெனில், இந்தியக் கதைகளைப் பெரிய அளவில் ஆக்க விரும்புவோருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற வினா எஞ்சி நிற்கிறது.