பூச்சிமருந்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்

1958-ல் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். கப்பலில் வந்த ஃபாலிடால் மருந்து, கோதுமை மாவு மூட்டையில் கசிந்திருந்தது. பிறகுதான் 1968-ல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது.

அது விபத்து. இலங்கை சங்கதி வேற. அங்கே விஷம் குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் நிறையப் பேர் கிராமத்து இளவட்டங்கள். நாள்கணக்கில் யோசித்தவர்கள் கொஞ்சம்தான். வீட்டுச் சண்டை, அந்த நேரத்துக் கோபம், கைக்கெட்டிய டப்பா, அவ்வளவுதான்! 1995-ல் கடும் விஷ மருந்துகளையும், 1998-ல் எண்டோசல்பானையும் அரசு நிறுத்தியது. பத்து வருஷத்தில் தற்கொலை பாதியாயிற்று. விளைச்சலும் குறையவில்லை. சண்டை மட்டும் குறைந்ததா என்ன?

மருந்தை எரவாணத்தில் செருகாமல் பூட்டி வையுங்கள். யாராவது குடித்துவிட்டால் சாணித் தண்ணி கொடுக்காதீர்கள். டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மனசு கனத்தால் 104-ல் பேசலாம்.